இருபத்தோராவது மாயாவிக்கு என்ன வயசு?

மாயாவி என்று ஆரம்பித்தால் நம் ஊரில் முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்தாக வேண்டும். மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு மறைந்து, ஒரு இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்குமே, அவர் இல்லை. அவர் பிரிட்டிஷ்காரர். 1972-இல் முத்து காமிக்ஸ் வழியாகத் தமிழுக்கு வந்தவர். நான் சொல்கிற ஆள் வேறு. உடம்போடு ஒட்டிய உடை, கண்ணை மறைக்கும் முகமூடி, வெள்ளைக் குதிரை, கூடவே ஓர் ஓநாய். (நாய் என்று யாராவது சொன்னால் திருத்துவார்.) தாடையில் ஒரு குத்து விட்டால் மோதிரத்தின் மண்டை ஓட்டு முத்திரை எதிராளிக்கு ஆயுசு பரியந்தம் அழியாது. ராணி காமிக்ஸ் படித்தவர்களுக்கு முகமூடி வீரர் மாயாவி. வேறு சிலருக்கு வேதாளர். ஊர் உலகத்துக்கு ஃபேன்டம்.

இவருடைய ரசிகர்கள் ஏறக்குறைய தொண்ணூறு வருஷமாக இவரை வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். யாரை அடித்தார், எப்படித் தப்பித்தார் என்பதிலெல்லாம் அபிப்பிராய பேதமே கிடையாது. அடிப்பார், தப்பிப்பார். சண்டையெல்லாம் குடும்ப விவகாரத்தில்தான். யாருக்கு யார் அப்பா, எந்த வருஷம் பிறந்தார், எப்போது பட்டத்துக்கு வந்தார், அடுத்து யார். கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருக்கும் பெரியவர்கள் பேசுவார்களே, ஏறக்குறைய அதே பேச்சு.

கதை தெரியாதவர்களுக்கு ரெண்டு வரி. கொலம்பஸின் கப்பலில் எடுபிடிப் பையனாகப் போன ஒருவர், பிற்காலத்தில் தானே ஒரு கப்பலுக்குத் தலைவனாகிறார். அந்தக் கப்பலை 1536-இல் கடற்கொள்ளையர்கள் தாக்குகிறார்கள். எல்லோரும் சாக, மகன் மட்டும் கரை ஒதுங்குகிறான். காட்டுவாசிகளான பந்தர் இனத்தார் அவனைக் காப்பாற்றுகிறார்கள். அப்பாவைக் கொன்றவனின் மண்டை ஓட்டின் மேல் கை வைத்துச் சபதம் செய்கிறான்: கொள்ளையையும் கொடுமையையும் ஒழிப்பேன், எனக்குப் பின் என் மகன்களும் அவர்கள் மகன்களும் ஒழிப்பார்கள். அன்றிலிருந்து அப்பா செத்தால் பிள்ளை முகமூடியை எடுத்து மாட்டிக்கொள்கிறான். வெளியே இருப்பவர்களுக்கு இது தெரியாது. ஒரே ஆள்தான் நானூறு வருஷமாகச் சாகாமல் நடமாடுகிறான் என்று நம்பிக்கொண்டு கைகால் நடுங்குகிறார்கள். நமக்குத்தான் ரகசியம் தெரியும். இப்போது இருப்பவர் இருபத்தோராமவர்.

இதை உண்டாக்கியவர் லீ ஃபால்க் என்ற அமெரிக்கர். ஏற்கெனவே 1934-இல் மந்திரவாதி மாண்ட்ரேக்கைப் பத்திரிகைகளில் ஓடவிட்டவர். மாயாவியின் முதல் கதை 1936 பிப்ரவரி 17-இல் அமெரிக்க நாளிதழ்களில் தொடங்கியது. வேடிக்கை என்னவென்றால், அன்றைக்கு ஃபால்க்கின் மனசில் இருந்தது வேறு. ஜிம்மி வெல்ஸ் என்ற பணக்கார உல்லாசப் பேர்வழிதான் ராத்திரியில் முகமூடி போட்டுக்கொள்கிறான் என்று வைத்துத்தான் ஆரம்பித்தார். கதை ஓட ஓட மனசு மாறி, காட்டையும் குகையையும் பரம்பரையையும் கொண்டுவந்தார். ஜிம்மி வெல்ஸ் அம்போ! ஆக, நானூறு வருஷ வம்சம் முழுக்க, பாதி வழியில் ஓர் எழுத்தாளருக்கு வந்த யோசனை. இது தெரிந்த பிறகும் அதன் ஒவ்வொரு வருஷத்தையும் சரிபார்க்க மனிதர்கள் கிளம்பியிருக்கிறார்கள் என்றால், அவர்களை நினைத்து எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

சரிபார்க்கத் தூண்டியதே ஃபால்க்தான். மண்டை ஓட்டுக் குகையில் ஓர் அறை. அதில் ஒவ்வொரு மாயாவியும் தன் காலத்தில் நடந்ததைத் தன் கைப்பட எழுதி வைத்த பெரிய பெரிய புத்தகங்கள். அதாவது பேரேடு. பக்கத்திலேயே முன்னோர்களின் கல்லறைகள். பேரேடும் இருக்கிறது, முடிந்துபோன கணக்குகளும் இருக்கின்றன. பி.காம். படித்தவன் கண்ணில் இது படலாமா?

பட்டது. பேனாவை எடுத்தேன்.

1536-இல் முதலாமவர் சபதம். 1936-இல் இருபத்தோராமவர் பட்டத்தில் இருக்கிறார். இடையில் 400 வருஷம். ஆட்கள் 21, பட்டம் கைமாறியது 20 தடவை. 400-ஐ 20-ஆல் வகுத்தால், ஒருவருக்குச் சராசரி 20 வருஷ ஆட்சி. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் உள்ளே போங்கள்.

மாயாவி உத்தியோகத்துக்கு மைனர் பையனை வைத்து, சித்தப்பா கார்டியனாக நின்று கையெழுத்துப் போட முடியாது. குத்து விடத் தெரிந்த ஆளாக இருக்க வேண்டும். சரி, 25 வயதில் பட்டத்துக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். 20 வருஷம் ஆண்டு, 45-இல் சாகிறார். அப்போது பிள்ளைக்கு 25 ஆகியிருக்க வேண்டும். அப்படியானால் பிள்ளை பிறந்தபோது அப்பாவுக்கு வயது 20! பட்டத்துக்கு வருவதற்கு ஐந்து வருஷம் முன்னாலேயே கையில் குழந்தை. ஆனால் கதைகளில் நாம் பார்ப்பது என்ன? முதலில் பட்டம். அப்புறம்தான் பெண். நம் வீட்டுப் பிள்ளைகள் மாதிரி வேலை கிடைத்த பிறகுதான் கல்யாணப் பேச்சே. முப்பதில் கல்யாணம், முப்பத்தொன்றில் குழந்தை என்று போட்டால், 20 தலைமுறைக்கு 620 வருஷம் ஆகிறது. 1936-இலிருந்து பின்னால் போனால் 1316. கொலம்பஸ் அமெரிக்காவுக்குப் போக இன்னும் 176 வருஷம் இருக்கிறது!

இந்தக் கண்டுபிடிப்பை என் பெரியம்மா மகன் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் ராணி காமிக்ஸை வருஷ வாரியாக பைண்டு பண்ணி, மேலே மண்ணெண்ணெய் வாடை வராமல் வைத்திருப்பவர். கணக்கைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"டேய், காட்டுல என்னடா முப்பதுல கல்யாணம்? கொள்ளைக்காரன் சுட்டு, கத்தியால குத்தி, முக்காவாசிப் பேரு நாப்பதைத் தாண்டியிருக்க மாட்டாங்கடா."

"அதுதான் அண்ணே பிரச்னையே. அப்பா சீக்கிரம் செத்தா, பிள்ளை அதைவிடச் சீக்கிரம் பிறந்திருக்கணும். பதினஞ்சு வயசுல அப்பாவாகணும்."

அண்ணன் கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்தார். "காபி சாப்பிடறியா?" என்றார்.

ஆனால் அடுத்த நாளே என் கணக்குக்கு எதிர்பாராத ஒரு திசையிலிருந்து சகாயம் கிடைத்தது. மாயாவிக்கு டயானா பால்மர் என்று ஒரு காதலி, முதல் கதையிலிருந்தே. ஐக்கிய நாடுகள் சபையில் வேலை பார்க்கிற கெட்டிக்காரப் பெண். இருவருக்கும் கல்யாணம் நடந்தது 1977-இல். 1936-க்கும் 1977-க்கும் வித்தியாசம் 41 வருஷம். முன்னோர்கள் சராசரியாக இரண்டு தலைமுறையை முடித்துவிடும் காலத்தில், இவர் பெண்ணின் கையைப் பிடிக்கவே தயங்கிக்கொண்டிருந்திருக்கிறார்! 1979-இல் இரட்டைக் குழந்தைகள், கிட், ஹெலாயிஸ். அந்தக் குழந்தைகள் நம் வீட்டில் பிறந்திருந்தால் இன்று நாற்பதைத் தாண்டியிருப்பார்கள். அங்கே இப்போதுதான் பள்ளிப் பருவம். மாயாவிக்கு நரை கூடத் தட்டவில்லை.

'இது நியாயமா, காலம் நகரவே இல்லையே' என்று கோபப்படுகிற ரசிகர்கள் உண்டு. நான் அவர்களிடம் தாழ்மையுடன் சொல்வது: கோபப்படாதீர்கள், அவர் உங்கள் கணக்கைத்தான் நேர் செய்துகொண்டிருக்கிறார். பள்ளி வயதுக் குழந்தைகளுக்கு அப்பா என்றால், 2000-ஆம் வருஷத்தை ஒட்டிப் பட்டத்துக்கு வந்திருப்பார் என்று வைத்துக்கொள்ளலாம். 1536-இலிருந்து 464 வருஷம். 20-ஆல் வகுத்தால் தலைமுறைக்கு 23 வருஷத்துக்கு மேல். முன்னோர்கள் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ளலாம். இவர் 2100-லும் இப்படியே வாலிபராக இருந்து, அப்போதுதான் பட்டத்துக்கு வந்தார் என்று சொன்னால், சராசரி 28 ஆகிவிடும். பாவம், எல்லா முன்னோர்களும் வேலை கிடைத்த பிறகே கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம்! அவர் கிழவராகாமல் இருக்க இருக்க, செத்துப்போனவர்களின் வாழ்க்கை நம்பும்படியாக ஆகிறது.

இதற்கு அண்ணன் விடவில்லை. "முன்னோர் தேதியெல்லாம் ரப்பராடா, இழுத்தா வர்றதுக்கு? ஆளுக்கு ஒரு வருஷம் போட்டுக் கதை எழுதி வெச்சிருக்கானே. அதெல்லாம் அச்சுல இருக்கு. அசைக்க முடியாது. அப்ப நீ இழுக்கற இழுப்பு மொத்தமும் யார் தலையில விழும்?"

யோசித்துப் பார்த்தால் உண்மைதான். மொத்தமும் இருபதாமவர் தலையில் விழுகிறது. பழைய கணக்குப்படி அவர் 1916 வாக்கில் பட்டத்துக்கு வந்தவர். மகன் வந்தது 2000 என்றால் அப்பா 84 வருஷம் மாயாவியாக இருந்திருக்கிறார்! அதுவும் அந்த இறுக்கமான உடையில்! அமெரிக்காவில் கிளார்க்ஸ்வில் ஊரில் படித்துக்கொண்டிருந்த மகனுக்கு, அப்பா குத்துயிராகக் கிடக்கிறார் என்று தகவல் போய் அவன் ஓடி வருவான். 109 வயது அப்பாவைக் கத்தியால் குத்த எவனுக்கு மனசு வந்தது?

அதனால் ரசிகர்கள் ஆளுக்கு ஒரு வழி பிடித்திருக்கிறார்கள். சிலர், 1930-களின் கதைகளில் வந்தவர் இருபத்தோராமவரின் அப்பா, அல்லது தாத்தா என்பார்கள். அப்படியானால் அந்தக் கதைகளில் வந்த டயானா யார் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள். சிலர், ஃபால்க் எழுதியது மட்டுமே வேதம், மற்றதெல்லாம் தள்ளுபடி என்பார்கள். அதில் ஒரு சங்கடம், ஃபால்க்கே தன் பழைய கதைகளைப் பார்த்து எழுதுகிறவர் இல்லை. வம்சம் இருக்கும் தேசத்தையே பாருங்களேன். ஆரம்பத்தில் 'பெங்காலி' என்று ஓர் இடம், ஆசியா மாதிரி. பின்னால் அது 'பங்கல்லா' ஆகி ஆப்பிரிக்காவில் போய் உட்கார்ந்தது. இந்தியாவில் வந்த இந்திரஜால் காமிக்ஸ்காரர்கள், வங்காளத்தோடு குழம்பும் என்று அதை 'டெங்காலி' ஆக்கினார்கள். குகை மட்டும் அசையவில்லை, கண்டம் மாறிக்கொண்டிருந்தது.

இதற்கு மேல் வெளிநாட்டுச் சம்பந்திகள். ஆஸ்திரேலியாவில் ஃப்ரூ நிறுவனம் 1948-இலிருந்து மாயாவியை வெளியிட்டு வருகிறது. ஸ்வீடனில் 1950-இல் அவருக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கியது; பிறகு அவர்களே சொந்தமாகக் கதையும் எழுத ஆரம்பித்தார்கள். அவர்களுக்கு முன்னோர்கள் என்றால் உயிர். இருபது பேரில் யாரையாவது கூப்பிட்டுச் சரித்திரத்தில் ஓர் இடத்தில் நிறுத்திவிடுவார்கள். எனக்குத் தனிப்பட்ட முறையில் இந்தக் கட்சி பிடிக்கும். பேரேட்டைத் திறந்து படித்தவர்கள் அவர்கள்தான்.

சினிமா, டி.வி. பக்கம் போனால் நிலைமை இன்னும் மோசம். 1943-இல் வந்த தொடர் படத்தில் மாயாவிக்கு ஜெஃப்ரி பிரெஸ்காட் என்று ஒரு பெயர்! 1996 படத்தில் ஒழுங்காக இருபத்தோராமவரே வந்தார். 2009 டி.வி. படத்தில் இருபத்திரண்டாமவர். இதுவரை பரவாயில்லை. 1986-இல் வந்த 'டிஃபெண்டர்ஸ் ஆஃப் தி எர்த்' கார்ட்டூன் 2015-ஆம் வருஷத்தில் நடப்பதாகக் கதை. அதில் வருபவர் 27-ஆவது மாயாவி. 1994-இல் தொடங்கிய 'ஃபேன்டம் 2040' கார்ட்டூன், பெயரிலேயே இருக்கிறபடி, 2040-இல் நடக்கிறது. அதில் வருபவர் 24-ஆவது மாயாவி. காலம் 25 வருஷம் முன்னால் போக, தலைமுறை மூன்று பின்னால் வந்துவிட்டது. ஆடித் தள்ளுபடியில் கூட இப்படிக் கழிக்க மாட்டார்கள்.

தேதிக் குழப்பத்தைக் கூட நான் மன்னித்துவிடுவேன். என்னைத் தூங்கவிடாதது வேறு. இருபது தடவை பட்டம் கைமாறியிருக்கிறதே, ஒரு தடவை கூடப் பங்காளிச் சண்டை இல்லை! தம்பிகள் என்ன ஆனார்கள்? 'அண்ணன் மட்டும்தான் குதிரையில போவானா, குகையில எனக்குப் பாகம் கிடையாதா' என்று ஒருத்தர் கூடக் கேட்கவில்லையா? குகையில் பொக்கிஷ அறை வேறு இருக்கிறது. நம் ஊரில் அரை கிரவுண்டு புறம்போக்குக்கே மூன்று தலைமுறை முன்சீப் கோர்ட்டில் நிற்கும்.

இதை நான் அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, அதுவரை வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அண்ணி தலையைத் தூக்கினார்.

"தம்பி, ஆம்பளைங்க கணக்கே பார்க்கறீங்களே. இருபது தலைமுறையில பொண்ணு ஒண்ணு கூடப் பிறக்கலியா?"

பிறந்திருக்கிறது. பதினேழாமவருக்கு ஜூலி என்று ஓர் இரட்டைச் சகோதரி. அவரால் முடியாமல் போன சமயத்தில், இந்தப் பெண்ணே உடையை மாட்டிக்கொண்டு போய்க் காட்டைக் காத்திருக்கிறாள். ஃபால்க்கே எழுதிய கதைதான். நான் அதை அண்ணிக்குச் சொன்னேன்.

"அப்ப அவங்க எத்தனாவது மாயாவி?"

இந்தக் கேள்விக்குத்தான் பதில் இல்லை. ஜூலிக்கு எண் கிடையாது. பதினேழுக்கு அடுத்தது பதினெட்டு, அது மருமகனுக்கு. ஆபீசில் ஹெட்கிளார்க் மெடிக்கல் லீவில் போனால் வேறு ஒருவர் 'பொறுப்பு' பார்ப்பாரே, அந்த மாதிரி. வேலை நடந்தது, பேரேட்டில் வரவு இல்லை. கணக்குப் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நான் தணிக்கைக்குப் போனால் முதல் ஆட்சேபணை இதற்குத்தான் எழுதுவேன். தேதிகள் பத்து வருஷம் முன்னே பின்னே இருப்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. உயிரைப் பணயம் வைத்தவரின் பெயரை வரிசையிலேயே சேர்க்காதது அப்படி இல்லை.

ரசிகர்களின் இன்றைய பெரிய சண்டையும் இங்கேதான் வந்து நிற்கிறது. 1999-இல் ஃபால்க் காலமானார். சாகும்வரை எழுதினார். அவருக்குப் பின் நாளிதழ்க் கதைகளை எழுத வந்த டோனி டிபால், குழந்தைகளை மெல்ல வளரவிட்டார். மகன் கிட்டை இமயமலைப் பக்கம் படிக்க அனுப்பினார். மகள் ஹெலாயிஸ் நியூயார்க் பள்ளிக்குப் போனாள். போன இடத்தில் அவளுடைய அறைத்தோழியின் அப்பா, மாயாவி வருஷக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்த 'நோமட்' என்ற பயங்கரவாதி. அப்பாவுக்குச் சிக்காதவனை மகள் பிடித்துக் கொடுத்துவிட்டாள்! மகன் அங்கே மலையில் பாடம் படித்துக்கொண்டிருக்கிறான்.

'அப்புறம் என்ன, ஹெலாயிஸே இருபத்திரண்டு' என்கிறது ஒரு கட்சி. 'சபதத்தில் மகன் என்றுதான் இருக்கிறது, உயிலை மாற்ற முடியாது' என்கிறது எதிர்க்கட்சி. உயில் எழுதியவர் பதினாறாம் நூற்றாண்டுக்காரர், அவருக்கு அவ்வளவுதான் தெரிந்திருக்கும் என்று நான் முதல் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறேன்.

ஆனால் ஓட்டுப் போட்டுவிட்டுப் பார்த்தால், இரண்டு கட்சிக்காரர்களுமே ஓர் இடத்தில் வாயை மூடிக்கொள்கிறார்கள். இந்த உத்தியோகத்தில் ராஜினாமாவும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. அப்பா சாகும்போது பிள்ளை பக்கத்தில் நின்று சபதம் எடுக்க வேண்டும். கிட் வந்தாலும் சரி, ஹெலாயிஸ் வந்தாலும் சரி, குகையில் அடுத்த கல்லறை டயானாவின் புருஷனுக்குத்தான். பத்து வயதில் நாம் பார்த்த ஆள், நம் அப்பா பத்து வயதில் பார்த்த ஆள்.

டிபால் அந்த வம்பையும் தொட்டுப் பார்த்தார். 2020-களின் தொடக்கத்தில் ஒரு நீண்ட கதை. காட்டில் வயதான மோஸ் என்ற ஞானி மாயாவியிடம் ஆரூடம் சொல்கிறார்: சவர்ணா என்ற பெண்ணைச் சிறையிலிருந்து நீ மீட்டால், அதிலிருந்து ஒன்று தொட்டு ஒன்றாக உன் மகன் கெட்டு, உன் வம்சமே முடியும். மீட்காமல் இருக்கவும் முடியாது, சபதம் இருக்கிறதே! இருபத்தோரு தலைமுறைக் கணக்கையும் ஒரு தட்டில் வைத்து, ஒரு பெண்ணின் உயிரை மறு தட்டில் வைத்துவிட்டார். நாள்தோறும் இரண்டு மூன்று கட்டமாக வருகிற கதையில் மனிதர் இப்படிக் கழுத்தைப் பிடிப்பார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. தேதிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவர்களெல்லாம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, 'கொன்னுடாதீங்க சார்' என்ற நிலைக்கு வந்துவிட்டார்கள்.

அண்ணனுக்கு இந்தக் கதையைச் சொன்னபோது முகம் சுருங்கிவிட்டது. "என்னத்துக்குடா அவனைப் போய்..." என்றார். பிறகு, "எண்பத்து நாலு வருஷம் அப்பன்காரன் இருந்தான்னு நீயே சொன்னியே. இவனும் இருந்துட்டுப் போறான்" என்றார். கணக்கில் பிடிவாதமாக இருந்தவர்!

அண்ணி விடவில்லை. "அதெல்லாம் இருக்கட்டும், ஜூலி கதை உங்ககிட்ட இருக்கா இல்லியா?" என்றார்.

அண்ணன் ஸ்டூலைப் போட்டு ஏறி பைண்டு வால்யூம்களை ஒவ்வொன்றாக இறக்கினார். ராத்திரி ஒன்பதரை மணி வரை கிடைக்கவில்லை. வெண்டைக்காய் ஆறிப்போயிற்று.